பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம்

ரயிலில் வேலைக்குப் போய்வருகிற பெண்ணைப் பார்த்து, "உட்கார இடம் கிடைச்சுதா?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிற்க இடம் கிடைத்ததா என்று கேளுங்கள். நின்றது இரண்டு காலிலா ஒற்றைக் காலிலா என்று கேளுங்கள். உட்காருவதாம்! எங்கள் காலை வண்டி சேர்த்தலைக்கு வந்து நிற்கும்போதே உள்ளே மூச்சுவிட இடம் இருக்காது. லேடீஸ் பெட்டி ஆலப்புழையிலேயே நிறைந்துவிடும். அதை எட்டிப்பார்ப்பதைக்கூட நாங்கள் விட்டுவிட்டோம். நடுவில் இருக்கிற பொதுப் பெட்டிதான் எங்களுக்கு. ஆண்கள் வாசல் பக்கம் தொங்க, பெண்கள் உள்ளே நெரிபட, அப்படியே எர்ணாகுளம் வரை.

நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் கொச்சி மட்டாஞ்சேரியில். கொச்சங்காடி கிடங்குகளில் மூட்டை தூக்க வந்த அப்பா அங்கேயே தங்கிவிட்டார். தமிழ் எழுத்து அவர் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. நாங்கள் குடியிருந்த வீட்டை, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக அதன் சொந்தக்காரர் சொன்னபோது, சாமானைக் கட்டிக்கொண்டு சேர்த்தலைக்குப் போனோம். அங்கேதான் எங்களுக்கு வாடகை கட்டுப்படியானது. ஆனால் என் அடுப்பு மட்டாஞ்சேரியிலேயே நின்றுவிட்டது. ஒரு சின்ன ஹோட்டலில் மதியச் சாப்பாடு என் பொறுப்பு. சோறு, சாம்பார், மீன் குழம்பு, கப்பைக்கிழங்கு. பிறந்த ஊருக்கே தினமும் சீசன் டிக்கெட் எடுத்து, எர்ணாகுளத்தில் இறங்கி வருகிற கொடுமையை யாரிடம் சொல்ல? பஸ்ஸில் வரலாமே என்பீர்கள். அரூரில் ரோட்டுக்கு மேலே பாலம் கட்டுகிறார்கள். கீழே பஸ் நகர்கிறதா நிற்கிறதா என்று உள்ளே இருக்கிறவர்களுக்கே தெரியாது.

என்னோடு என் மகளும் வருவாள். சேர்த்தலையிலேயே அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மட்டாஞ்சேரியில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற ஒரு லேபில் வேலை. எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை பார்க்கிற முதல் ஆள் அவள். அந்தக் கோட்டை நான்தான் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அதை வேறு யாரிடமும் விடவில்லை. அசட்டுத்தனம்தான். இருக்கட்டுமே.

அவள் உண்டானபோதுதான் ரயில் எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக ஆனது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வேலைக்குப் போகலாம், ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. லேபிலும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: பிரசவ லீவு வரை வந்தால் வேலை அப்படியே இருக்கும், நடுவில் நின்றால் வேறு ஆள் எடுப்போம். மாப்பிள்ளை வீட்டில், "அந்த வண்டியில இனி போகண்டா மோளே" என்றார்கள். கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் அவள் இன்னும் சில மாதங்களைத் தள்ளியாக வேண்டும். தள்ளிவிட்டால் வேலை தங்கும். அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஊழம் என்போம், முறை என்று அர்த்தம். ஆலப்புழையில் ஏறி உட்கார்ந்து வருகிறவர்கள் துறவூர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். சேர்த்தலையில் ஏறி நின்றவர்கள் உட்கார வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. எந்த வருஷம் ஆரம்பித்தது என்றும் யாருக்கும் தெரியாது. துறவூர் பிளாட்பாரம் கண்ணில் பட்டதும் உட்கார்ந்திருப்பவள் பையை எடுத்துத் தோளில் மாட்டுவாள், நிற்பவள் அவள் முழங்காலைத் தாண்டி உள்ளே நுழைவாள். இதை நடத்துகிறவள் ஒரு சேச்சி. எர்ணாகுளத்தில் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. கடையில் நாள் முழுக்க உட்கார விடாத வேலை அது. ஆனாலும் துறவூரில் முதலில் எழுகிறவள் அவள்தான். என் மகள் உண்டானது தெரிந்ததும் ஜன்னலோர இடத்தை அவளுக்கென்றே வைத்துவிட்டாள். "மோளே, வா, நிண்டெ ஊழம்" என்று அவள் கூப்பிடுகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஆனால் ஊழம் இருந்து என்ன? அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஆள்மேல் ஆள். நான் முன்னால் முட்டிக்கொண்டு வழி பண்ணுவேன், அவள் வயிற்றுக்கு முன்னால் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். சில நாள் துறவூர் போய் கும்பளமும் போய்விடும், நாங்கள் பாதி வழியில் நின்றுகொண்டிருப்போம். நடுவில் ஏதாவது எக்ஸ்பிரஸ் கடக்க வேண்டும் என்று எங்கள் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினால் அன்றைக்குத் தீர்ந்தது.

இரண்டு பெட்டி கூடுதலாகச் சேர்த்தால் போதும். பயணிகள் கூட்டமாய்ச் சேர்ந்து கேட்டது அதைத்தான். பறக்கிற வண்டியும் கேட்கவில்லை, ஏசியும் கேட்கவில்லை. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் நேதாவைக் கூப்பிடலாம் என்று முடிவானது. நேதாவு என்றால் தலைவர். பெயரும் பதவியும் இங்கே வேண்டாம். தேர்தலில் ஜெயித்தவர், அது போதும்.

அவரை எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் ஹோட்டல் சமையற்கட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். நான் தமிழ்க்காரி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, நல்லா இருக்கீங்களா? நானும் படிக்கிறப்போ பாசஞ்சர் வண்டியில தொங்கிக்கிட்டுப் போனவன்தான்" என்றார். சட்டைக் கையை மடக்கி, வண்டிக் கதவில் இடித்த தழும்பு என்று முழங்கையைக் காட்டினார். நான் உருகிவிட்டேன். தெரிந்த வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கி, "நம்ம ஆளு, தொங்கிப் போனவரு" என்று ஓட்டுக் கேட்டேன். ஒரு தழும்புக்கு நாங்கள் கொடுத்த மதிப்பு அது.

அவர் வருகிறார் என்ற செய்தி முந்தின நாள் சாயங்காலம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. நம்முடைய பெட்டியிலேயே சேர்த்தலையில் ஏறி எர்ணாகுளம் வரை வருவாராம். டிவிக்காரர்களும் உண்டாம். என் மகள் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். "அவர் ஒரு தடவை வந்து நின்னு பாத்தாப் போதும், அம்மா" என்று அவள் என்னிடம் போனில் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், என்ன சொல்ல, எல்லோரும் கல்யாணத்துக்குக் கிளம்பினவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். ஒருத்தி கசவுப் புடவை. ஒருத்தி பழம்பொரி சுட்டு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். என்னை மட்டும் சும்மா சொல்வானேன், நான் நீல மூடி போட்ட என் பெரிய பிளாஸ்கில் சுக்குக் காப்பி போட்டு எடுத்துப் போயிருந்தேன். வண்டி வந்தது. ஆலப்புழையிலிருந்து வந்தவர்கள் நேதாவுக்கு வழிவிட்டுக் கீழே இறங்கி நின்றார்கள். அவர் ஏறினார், கூட வந்தவர்கள் ஏறினார்கள், கேமரா ஏறியது. இறங்கினவர்களில் பாதிப் பேர் திரும்ப எங்கள் பெட்டியில் ஏறவில்லை. "சார் இருக்கார், இடிக்கக் கூடாது" என்று அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து உள்ளே நின்றிருந்தவர்களும் நகர்ந்தார்கள். சேச்சி கையை விரித்து, "கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று மீதிப் பேரையும் ஒதுக்கினாள். யாரும் திட்டம் போடவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாயைத் தட்டி விரிக்கிறோம், குழந்தைகளை வெளியே அனுப்புகிறோம். அதைத்தான் செய்தோம். ரயில் பெட்டியில் செய்தோம்.

ஜன்னலோரம் என் மகளுக்கென்று வைத்திருந்த இடம். அன்றைக்குப் பெட்டி காலியாக இருந்ததால் ஏறினவுடனே போய் உட்கார்ந்திருந்தாள். நேதாவு பக்கத்தில் வந்ததும் எழுந்துவிட்டாள். "இரு மோளே, இரு" என்று அவர் சொன்னார். பொய் சொல்லக் கூடாது, இரண்டு தடவை சொன்னார். "சாரமில்ல சார், நான் நின்னுக்கறேன்" என்று அவள் சிரித்தாள். அவர் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எப்படி உட்காருவது? பெரிய மனிதர் ஆயிற்றே. நான் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். "அக்கா கைப்பக்குவம்!" என்றார். எல்லோரும் சிரித்தோம். கேமரா சுற்றிச்சுற்றி வந்தது. கூட்டம், நெரிசல், மயக்கம் என்று பேச வந்தவர்கள் எல்லாம், அவர் குசலம் கேட்கக் கேட்கச் சிரித்துக்கொண்டு நின்றோம். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எர்ணாகுளம் வரை நின்றே வந்தாள். அன்றைக்கு மட்டும் அவளை யாரும் இடிக்கவில்லை.

எர்ணாகுளம் சௌத் ஸ்டேஷனில் இறங்கினோம். நேதாவு பிளாட்பாரத்தில் நின்று கும்பிட்டார். அப்போது அடுத்த பெட்டியிலிருந்து சனம் கொட்டியது. எங்கள் பெட்டியிலிருந்து ஓடினவர்களையும் சேர்த்து அடைத்துக்கொண்டு வந்த பெட்டி அது. ஒரு பெண்ணின் துப்பட்டா உள்ளே யார் பைக்கோ நடுவில் மாட்டிக்கொண்டு, அவள் இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் கத்தினாள். நேதாவு திரும்பினார், பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, காத்திருந்த காரை நோக்கி நடந்தார்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம். ஹோட்டல் டிவியில் முந்தின நாள் நடந்த விவாதத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் நெரிசலைப் பற்றித்தான். ஒரு பயணி படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். நேதாவு அமைதியாக இருந்தார். அவர் முறை வந்ததும், "ஞான் நேரிட்டுப் போய் யாத்ர செய்ததாணு" என்று ஆரம்பித்தார். நேரிலேயே போய்ப் பயணம் செய்தேன், எனக்கு உட்கார இடம் கிடைத்தது, என் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்தது, குறை இருக்கிறது, ஆனால் பெரிதாக்குகிறார்கள் என்றார். அவர் பேசும்போதே படம் ஓடியது. காற்றோட்டமான பெட்டி. சிரித்த முகங்கள். ஜன்னலோரம் அவர். பக்கத்தில் காலி இடம். அந்தக் காலி இடத்தில் நீல மூடி போட்ட என் பிளாஸ்க்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் திரும்பி, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார். அப்புறம் டிவியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அக்கா, அது நம்ம பிளாஸ்க் அல்லே?"

"ஆமா, நம்மளுதுதான். அதுக்கு இப்ப என்ன?" என்று வள்ளென்று விழுந்தேன். ஹோட்டலே சிரித்தது. அப்புறம் வழக்கம்போல இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பச்சைப் பொய் சொல்கிறான் என்றார் ஒருவர். படத்தில் தெரிகிறதே, அது பொய்யா என்றார் இன்னொருவர். மீன் குழம்பு கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

சாயங்கால வண்டியில் மகளிடம் பொரிந்து தள்ளினேன். எத்தனை துணிச்சல், இப்படியும் ஒரு மனுஷன் புளுகுவானா, இவனுக்கா நான் வீடு வீடாய்ப் போய் ஓட்டுக் கேட்டேன் என்று.

"அம்மா, அவர் பொய் சொல்லலையே" என்றாள். "இடம் இருந்துச்சு. நம்மதானே பண்ணிக் கொடுத்தோம்."

"பண்ணிக் கொடுத்தா? அந்த ஆளுக்கு மூளை இல்லையா? இதுல தொங்கிப் போனவன்தானே! காலையில எட்டு மணி வண்டி காலியா இருக்குமா, மத்தவங்க எங்க போனாங்கன்னு கேக்கத் தோணாதா?"

"நான் எந்திரிச்சிருக்கக் கூடாது, அல்லே?" என்றாள்.

அவள் எழுந்ததில் என்ன தப்பு? மரியாதை சொல்லிக்கொடுத்து வளர்த்தது நான். அந்த நெரிசலில் யாருடைய முதுகிலோ சாய்ந்தபடி வந்தோம்.

கூடுதல் பெட்டி வரவில்லை. ரயில்வே ஆபீசில் போய்க் கேட்டவர்களிடம் எல்லாம், நேதாவே நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டாரே என்றார்களாம். எங்கள் வாயை எங்கள் உபசாரத்தை வைத்தே அடைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு மழைநாள். ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத்துணியும் வியர்வையும் கலந்த புழுக்கம். துறவூரில் சேச்சி எழுந்து, "மோளே வா" என்று கூப்பிடுகிறாள். நாங்கள் வாசலிலிருந்து நாலு ஆள் தூரம்கூட உள்ளே போகவில்லை. கும்பளத்தில் வண்டியை ஓரம்கட்டினார்கள். யாரோ ஒருவருடைய டிபன் பை மகளின் வயிற்றில் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. திடீரென்று என் தோளில் கனம் விழுந்தது. திரும்பினால் முகம் வெளுத்து, கண் சொருகியிருக்கிறது. கீழே விழவில்லை. விழ இடமில்லாததால் விழவில்லை. பெண்கள் எல்லாம் சேர்ந்து அவளைத் தலைக்கு மேலே தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்தார்கள். கும்பளம் பிளாட்பாரத்தில் மழைச்சாரலில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி போய்விட்டது. "அம்மா, லேபுக்கு லேட்டாயிடும்" என்றாள் கண்ணைத் திறந்ததும். அடிப் பாவிப் பெண்ணே!

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேனில் துடிப்பைக் கேட்டபோது நான் கும்பிட்ட சாமிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் இனி வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். இந்தத் தடவை என்னாலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவள் போனில்தான் வேலையை விட்டாள். பேசி முடித்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மடித்து என்னிடம் கொடுத்தாள். துவைக்க அல்ல, வைத்துக்கொள்ள.

நேதாவை அப்புறம் ஒரு தடவை பார்த்தேன். மட்டாஞ்சேரியில் ஏதோ திறப்புவிழா முடிந்து, ஆட்கள் புடைசூழ எங்கள் ஹோட்டலுக்குச் சாயா குடிக்க வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "அக்கா, அந்தச் சுக்குக் காப்பி உண்டோ?" என்றார் சிரித்துக்கொண்டே.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "அன்னைக்கு நீங்க உட்கார்ந்தீங்களே சார், அது என் மகளோட இடம். வயித்துப் பிள்ளைக்காரி. இப்ப வேலையை விட்டுட்டா" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அய்யோ அக்கா. அப்பவே சொல்லியிருக்கலாமே? நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? நான் கண்டதைத்தான் சொன்னேன்."

"இறங்கினப்போ அடுத்த பெட்டியையும் கண்டீங்களே சார்."

கூட இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஹோட்டல் முதலாளி எனக்குக் கண் காட்டினார். நேதாவு கிளாஸை மேஜையில் வைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னைவிடக் களைத்தவர் மாதிரி தெரிந்தார். "எல்லா வண்டியிலயும் திரக்கும் நெரிசலும் உண்டு அக்கா" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு எழுந்துகொண்டு, "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் கடைசியில் கிடைக்கிற சொல் அதுதான். முழங்கையைப் பார்த்தேன். தழும்பு அங்கேயேதான் இருந்தது. அது உண்மைத் தழும்பு. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அவள் படித்ததெல்லாம் மலையாளம். அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. லேபில் வேறொரு பெண் இருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன, அவளும் ஏதோ ஒரு வண்டியில் நெரிபட்டுத்தான் வருவாள்.

நான் இப்போதும் அதே வண்டியில் வருகிறேன். மகள் வேலையிலிருந்து நின்ற பிறகு வந்த முதல் வாரத்தில் ஒருநாள். துறவூர் பிளாட்பாரம் தெரிந்ததும் ஜவுளிக்கடை சேச்சி பழக்கத்தில் ஜன்னலோரம் இருந்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மோளே, வா" என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்தாள். சுற்றி நின்ற யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. அத்தனை நெரிசலில், ஒருத்தர் மூச்சு ஒருத்தர் கழுத்தில் படுகிற கூட்டத்தில், அந்த ஒரு இடம் மட்டும் கும்பளம் வரைக்கும் காலியாகவே வந்தது.

நேதாவு சொன்னது பொய் என்று இனி என்னால் சண்டை போட முடியாது. எங்கள் பெட்டியில் இப்போது இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது.